மூன்று நகல்களில் ஒரு பேத்தி

தாண்டவமூர்த்தி முதன்முதலாக என்னிடம் வந்தபோது அவர் வாயில் பதினோரு பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. மற்றவை ஆடி முடித்து விடைபெற்றிருந்தன. பற்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொத்தை கிடையாது, கறை கிடையாது, அறுபத்தாறு வயதுக்கு அவை அநியாயத்துக்கு அழகாக இருந்தன. ஈறுதான் கரைந்துபோயிருந்தது. மண் அரித்த ஆற்றங்கரையில் தென்னை நிற்கிற மாதிரி வேர் வெளியே தெரிய நின்றன.

நான் ஈறு மருத்துவர். தில்லை நகரில் பதினெட்டு வருடமாக மற்றவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறேன். வாசல் பலகையில் டாக்டர் ரெஜினா என்று இருக்கும். இந்த மாதிரி வாய்க்கு முன்பெல்லாம் எங்களிடம் ஒரே வைத்தியம்தான் இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பல்செட் மாட்டுவோம். அந்த வார்த்தையைக் கேட்டதும் மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவருடைய அப்பா ஒரு கல்யாணப் பந்தியில் தும்மியபோது பல்செட் பறந்து எதிர் இலைப் பாயசத்தில் விழுந்ததாம். பந்தியே எழுந்துபோனதாம். அதற்குப் பிறகு அப்பா எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லையாம். போதாக்குறைக்கு இவர் தட்டை, சீடை, கடலைமிட்டாய் என்று கடிபடுகிற எதையும் விடாதவர். ஆறு மாதமாக ரசம் சாதத்தைப் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். முத்திரை விழுந்தால் உண்மை, விழாவிட்டால் வதந்தி. உலகத்தை அவர் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு தன் சாதிச் சங்கத்துக்குத் தலைவராகி, ஏழு தலைமுறை வம்சாவளிப் பதிவேடு ஒன்றைத் தயாரித்திருந்தார். அதில் பெயர் இருந்தால்தான் அந்த வட்டாரத்தில் சம்பந்தம் பேசுவார்கள். ஒரே ஒரு அடித்தல் திருத்தலுக்காக மூன்று கல்யாணங்களை நிறுத்தியவர் என்று அவரே பெருமையாகச் சொன்னார். நான் அவர் வாயில் கண்ணாடியை விட்டுப் பேச்சை நிறுத்தினேன். என் தொழிலில் இந்த ஒரு வசதி உண்டு.

புது வைத்தியத்தை அவருக்கு விளக்கினேன்.

"குழந்தையோட பால் பல் விழுறப்ப அதுக்குள்ள ஒரு பொட்டு சதை இருக்கும் சார். அந்தச் சதையில இருக்கிற செல்லுக்கு, தான் என்னவா ஆகணும்னு இன்னும் முடிவாகல. அதை எடுத்து வளர்த்து உங்க ஈறுல விட்டோம்னா, எலும்பு குறையுற இடத்துல எலும்பாவும் சதை குறையுற இடத்துல சதையாவும் அதுவே வளந்துக்கும்."

"யார் வீட்டுக் குழந்தை?" என்றார். முதல் கேள்வியே அதுதான்.

"உங்க வீட்டுக் குழந்தைதான். சொந்தப் பேரனோ பேத்தியோ இருக்கணும். சட்டம் அப்படி."

அவர் முகம் மலர்ந்தது. நல்ல சட்டம், கண்ட வாயில் கண்ட சதை போகக்கூடாது என்றார். சட்டம் அதற்காக வரவில்லை. இந்த வைத்தியம் வந்த புதிதில், ஆடாத பற்களைக்கூட ஏழைக் குழந்தைகளின் வாயிலிருந்து பிடுங்கி விற்றார்கள். ஆறு பல் போன நான்கு வயதுக் குழந்தையை இதே நாற்காலியில் நான் பார்த்திருக்கிறேன். பால்பல் காப்புச் சட்டம் வந்தபோது நிம்மதியாகத் தூங்கினேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் பேத்தி யாழ்மொழிக்கு ஆறரை வயது, கீழ்ப்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது. பல் விழுந்த நான்கு மணி நேரத்துக்குள் அதைப் போட்டு வைக்க வேண்டிய ஐஸ் டப்பாவைக் கொடுத்தனுப்பினேன்.

மூன்று மாதம் அவர் அந்தப் பல்லுக்காகக் காத்திருந்தார். தினமும் காலையில் பேத்தியைக் கூப்பிட்டு, பல்லை ஆட்டிப் பார்த்து, எவ்வளவு ஆடுகிறது என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார். ஐஸ் டப்பாவுக்குத் தினம் புது ஐஸ் வைப்பார். அவ்வளவும் செய்துவிட்டு, பல் விழுந்த அன்று என்ன செய்தார் தெரியுமா? மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். யாழ்மொழி பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி வந்தாள். சாஸ்திர சம்பிரதாயத்தில் ஊறிய மனிதர். கடையில் பொட்டலமாக வாங்கி வைத்திருந்த சாணியைப் பிரித்து, பல்லை அதில் பொதிந்து உருட்டி, பேத்தியைக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் கூரைமேல் எறியச் சொல்லிவிட்டார். கூரையில் எறிந்தால்தான் அடுத்த பல் ஒழுங்காக முளைக்கும். எறிந்து முடித்துக் கையைக் கழுவும்போதுதான் ஐஸ் டப்பா ஞாபகம் வந்திருக்கிறது.

ஆறு மாடி அடுக்ககத்தில் கூரைக்கு எங்கே போவது? இருந்த ஒரே சாய்ந்த கூரை, வாசல் காம்பவுண்டை ஒட்டி இருந்த இஸ்திரிக் கொட்டகையின் தகரக் கூரைதான். அந்தக் குடியிருப்பில் எந்தக் குழந்தைக்குப் பல் விழுந்தாலும் அங்கேதான் எறிவார்கள். தாண்டவமூர்த்தி இஸ்திரிக்காரப் பெண்ணை ஏணி போட்டு ஏறச் சொன்னார். அவள் ஒன்பது வருடமாக அந்த வாசலில் துணி தேய்க்கிறாள். பெயர் கோகிலா. அவர் கூப்பிட்டது என்னவோ "இந்தாம்மா" என்றுதான். கோகிலா ஏறித் தேடி, காயாத ஒரு சாணி உருண்டையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே பல் இருந்தது. பத்து நிமிடத்தில் ஐஸ் டப்பா என் மேசைக்கு வந்து சேர்ந்தது. கழுவினேன், செல் உயிரோடு இருந்தது, வளர்த்தேன், போட்டேன்.

இவ்வளவு அழகாகப் பிடித்த ஈறை நான் பார்த்ததே இல்லை. நாலே மாதத்தில் ரோஜா நிறத்தில் மேலேறி வந்து பதினோரு பற்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் மருத்துவர் கூட்டத்தில் அவருடைய வாயைப் படம் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். அவர் என் முன்னாலேயே ஒரு சீடையைக் கடித்தார். அந்தச் சத்தம் கேட்டு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இந்த வைத்தியத்துக்கு இரண்டு தவணை. முதல் தவணையில் ஈறு வளரும். எட்டு மாதம் கழித்து அதே குழந்தையின் இன்னொரு பல்லிலிருந்து இரண்டாம் தவணை கொடுத்தால்தான் நிலைக்கும். யாழ்மொழியின் இரண்டாவது பல் இந்தமுறை ஒழுங்காக டப்பாவில் வந்தது. வழக்கம்போல அதையும் அவருடைய ஈறிலிருந்து சுரண்டிய துளியையும் ஒப்பிட ஆய்வகத்துக்கு அனுப்பினேன். 'ஈறில் இருப்பது இந்தக் குழந்தையின் செல் அல்ல, தூரத்து உறவு இருக்கக்கூடும்' என்று பதில் வந்தது. சுரண்டும்போது அவருடைய சொந்தச் செல்லும் கலந்துவிட்டது, அதனால்தான் அந்தத் தூரத்து உறவு என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்பது அப்போது தெரியாது.

அடுக்ககத்துக்கு நேரே போய்க் கொட்டகையில் விசாரித்தேன். கோகிலா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சாவதானமாகச் சொன்னாள்.

"அன்னிக்குக் காலையில எம் பொண்ணு ஜோஷிகாவுக்கும் பல்லு விழுந்துச்சு டாக்டரம்மா. எங்க கூரைதானேன்னு அதுவும் சாணியில உருட்டி எறிஞ்சிச்சு. ஐயா ஒரு பல்லுதான் கேட்டாரு. ஒண்ணு கெடச்சுது, குடுத்தேன்."

தாண்டவமூர்த்தியிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் செய்தது வாயைக் கழுவியது. இருபது நிமிடம் கொப்பளித்தார். பிறகு எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்கலாம், ஈறோடு பல்லும் வரும் என்றேன். அப்படியானால் யாழ்மொழியின் பல்லை இரண்டாம் தவணையாகப் போட்டு இதை அமுக்கிவிட முடியாதா என்று கேட்டார்.

"ஒரு வாய்க்கு ஒரு குழந்தைதான் சார். ரெண்டு குழந்தையோட செல்லும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். மொத்த ஈறும் புண்ணாகி எல்லாப் பல்லும் கொட்டிரும். ஒண்ணுமே போடாம விட்டாலும் மூணு மாசத்துல பழையபடி கரைஞ்சிரும். ஜோஷிகா பல்லுதான் வேணும்."

"அது யாரு ஜோஷிகா?"

"உங்க வாயில இருக்கிறவ."

அவர் நாலு நாள் யோசித்தார். நாலு நாளும் தட்டை தின்றுகொண்டே யோசித்ததாக மருமகள் சொன்னாள். ஐந்தாம் நாள் வந்து, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றார்.

இரண்டே வழிதான் இருந்தது. நடந்த தவறைச் சொல்லிவிட்டால் என் உரிமம் போகும், அவருக்கு இரண்டாம் தவணை கிடைக்காது, பல் போகும். இல்லையென்றால், யாழ்மொழியைப் போலக் குடும்ப அட்டையில் பெயர் இல்லாத ஜோஷிகாவைத் தன் சொந்தப் பேத்தி என்று மூன்று நகல்களில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பால்பல் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். குழு எச்சிலை எடுத்துச் சோதிக்கும். அதில் பயமில்லை. அவர் எச்சிலில்தான் ஜோஷிகாவின் ஈறுச் செல் மிதக்கிறதே, அது உறவென்றே காட்டும். எந்தச் சட்டம் வந்து நிம்மதியாகத் தூங்கினேனோ அதையே நான் ஏமாற்றக் கிளம்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

கோகிலாவிடம் கேட்கப் போனோம். அவள் எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்தாள். விழுகிற பல்தானே, விழுந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஆனால் பத்திரத்தில் என்ன எழுதப்போகிறார் என்பது தெரிய வேண்டும் என்றாள். பேத்தி என்று எழுதப்போவதாக அவர் சொன்னார்.

"பேத்தின்னா எந்த வழியில? மகன் வழியா, மக வழியா?"

நாங்கள் இருவரும் அதை யோசிக்கவே இல்லை. மகன் வழி என்றால் அவருடைய மகனுக்கும் கோகிலாவுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி வரும். மகனுடைய குடும்பத்தில் மண்ணைப் போட முடியாது. மகள் வழி என்றால் கோகிலா அவருக்கு மகளாக வேண்டும். கோகிலா மகளானால் அவளுடைய அம்மா யார்? வம்சாவளிப் பதிவேட்டுத் தலைவர் கொட்டகை வாசலில் நின்று, தான் இளமையில் எங்கே வழுக்கி விழுந்திருக்கலாம் என்று விரல் விட்டு எண்ணினார். கோகிலாவுக்கு முப்பத்தேழு வயது. அவள் கருவான சமயத்தில் அவருக்கு இருபத்தெட்டு, கல்யாணமாகவில்லை, லால்குடியில் வேலை. கோகிலாவின் அம்மாவுக்கும் லால்குடிப் பக்கம்தான். ஊர் பொருந்தியதில் அவருக்கு ஒரே மகிழ்ச்சி, பத்திரத்துக்கு நல்லது என்றார்.

மறுநாள் வரைவை எழுதிக்கொண்டு வந்து கொட்டகையிலேயே வாசித்தார். பத்திரம் எழுதுவதில் மனிதர் கெட்டிக்காரர்தான். பதிவு அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடு, சனிக்கிழமைதோறும் சலவைத் துணி கொண்டுவந்த பெண், அவள் மடியில் கட்டி வந்த வறுத்த புளியங்கொட்டை, அதை இவர் ஒரே கடியில் உடைத்துக் காட்டியது, அவள் சிரித்தது எல்லாம் அதில் இருந்தது. ஒரு பொய்க்கு இத்தனை விவரமா என்று நான் அசந்துபோனேன். கோகிலா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். யாருடைய வேட்டியோ கருகும் வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள்.

"எங்கம்மா பேரக் கெடுக்காதீங்க," என்றாள். "கல்யாணம் பண்ணிக்கிட்டதா எழுதுங்க. கோயில்ல, நாலு பேரு முன்னாடி, தாலி கட்டுனதா. இல்லாட்டி பல்லு கிடையாது."

அவர் வெகுநேரம் வாதாடினார். தன் மனைவி, அந்தப் புண்ணியவதி, போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது, அவள் இரண்டாம் தாரமாகிவிடுவாளே என்றார். கோகிலா அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். கடைசியில் அவர் கல்யாணத்தை எழுதினார். கோகிலாவின் அம்மா மருதாயியை லால்குடிக் கோயில் ஒன்றில் தாலி கட்டி மணந்ததாகவும், அவள் முதல் மனைவி என்றும், கோகிலா மூத்த மகள் என்றும், ஜோஷிகா மகள் வயிற்றுப் பேத்தி என்றும் மூன்று நகல்கள் தயாராயின. மருதாயி மறுக்க வரப்போவதில்லை. அவள் இறந்து பதினைந்து வருடமாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். குடும்பப் புகைப்படங்கள் வேண்டும் என்று குழு கேட்டிருந்தது, ஏழு வருடத்துக்கானவை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏழு தீபாவளி கொண்டாடினார்கள். ஜோஷிகாவுக்கு யாழ்மொழியின் சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஏழு படத்திலும் சுவரில் ஒரே வருடத்துக் காலண்டர் தொங்குவதைக் கண்டுபிடித்தவர் தாண்டவமூர்த்திதான். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்பதால் கோகிலா வீட்டுக்குப் போய் வாரம் இரண்டு நாள் சாப்பிட்டார். அவள் வைத்த மொச்சைக் குழம்பு தன் வீட்டுக் குழம்பைவிட நன்றாக இருப்பதாக என்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னார். அவருடைய மருமகளுக்கு வேறு கவலை. நாத்தனாராகிவிட்டவளிடம் போய்த் துணியைத் தேய்க்கக் கொடுப்பது எப்படி? கோகிலாவிடம் கொடுக்கவும் கூச்சம், வேறு கடைக்குப் போனால் அவள் தப்பாக நினைப்பாளோ என்ற பயம். இரண்டு வாரம் அந்தக் குடும்பமே கசங்கிய துணியில் திரிந்தது. குழந்தைகள் இரண்டும் எந்தக் கவலையும் இல்லாமல் யாருடைய பல் அதிகம் ஆடுகிறது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன.

குழு கூடிய நாளன்று ஜோஷிகாவின் மேல்பல் ஒரு நூலில்தான் நின்றது. கலெக்டர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு நீண்ட அறை. மூன்று பேர் குழு. தலைமை தாங்கியது கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், எந்தத் தாளையும் இரண்டு முறை படிக்கிறவர். நாங்கள் உட்கார்ந்ததும் அவர் ஒரு சுற்றறிக்கையை எடுத்து வைத்தார். எச்சில் சோதனையில் மோசடி நடப்பதாகத் தெரியவந்ததால், இந்த வாரத்திலிருந்து ரத்தம்தான் சோதிக்கப்படும், முடிவு நாற்பது நிமிடத்தில் வரும் என்றார்.

ஈறு எச்சிலில் கலக்கும், ரத்தத்தில் கலக்காது. அவர் ரத்தத்தில் ஜோஷிகா இருக்க வழியே இல்லை. வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு நர்ஸ் வந்து அவர் விரலிலும் ஜோஷிகாவின் விரலிலும் குத்திவிட்டுப் போய்விட்டாள். தாண்டவமூர்த்திக்கு எதுவும் புரியவில்லை. பத்திரத்தில் முத்திரை இருக்கும்போது என்ன பயம் என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

காத்திருக்கும் நேரத்தில் அந்த அம்மாள் கேள்வி கேட்டார். பேத்தியின் பிறந்தநாள் எப்போது, அவளுக்கு என்ன பிடிக்கும், பள்ளியில் எந்த வகுப்பு. எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று பதில் வந்தது. அவர் இரவெல்லாம் படித்திருந்தார்.

"உங்க முதல் மனைவி பேரு?"

தாண்டவமூர்த்தி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தன் கையால் மூன்று முறை எழுதிய பெயர். ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவர் அவர். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோகிலா தலையைத் திருப்பவில்லை. குழுத் தலைவி பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, தாளைப் பார்த்து மருதாயிதானே என்று அவரே சொன்னார். பக்கத்தில் இருந்தவரிடம், பெண்டாட்டி பேரை வாயால் சொல்ல இந்த வயசிலும் வெட்கம் பாருங்கள் என்று சிரித்தார். ஆமாம் என்று தாண்டவமூர்த்தி தலையை ஆட்டினார்.

நாற்பது நிமிடம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கோகிலாவையும் அந்தக் குழந்தையையும் இதில் மாட்டவிடக் கூடாது, தவறு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். எழுந்து நின்றேன். அம்மா, ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாள் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அவருடைய திரையில் முடிவு வந்திருந்தது. வழக்கம்போல இரண்டு முறை படித்தார்.

"தாத்தாவுக்கும் பேத்திக்கும் நாலில் ஒரு பங்கு ஒத்துப்போகணும். ஒத்துப்போகுது. உறவு உறுதி," என்றார். மூன்று நகல்களிலும் முத்திரை விழுந்தது.

தாழ்வாரத்துக்கு வந்ததும் தாண்டவமூர்த்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிரமாதம் டாக்டர், ரத்தத்தையும் எப்படியோ சரிக்கட்டிவிட்டீர்களே என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். உங்க எச்சில் பொய் சொல்லும், ஏன்னா அதுல நான் கை வச்சிருக்கேன். உங்க ரத்தத்துல யாரும் கை வைக்கல."

அவர் புரியாமல் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். என்னைத் தவிர யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். அந்த ஓட்டு வீடும் புளியங்கொட்டையும் அவர் கற்பனை இல்லையாம். லால்குடியில் அப்படி ஒரு பெண் இருந்தாளாம். ஒரு வருடம் பழக்கமாம். மாற்றல் உத்தரவு வந்ததும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டாராம். பொய்க்கு ஒரு சாயல் வேண்டுமே என்று அவளை எடுத்து எழுதினாராம்.

"உள்ளே அந்தம்மா பேரு கேட்டப்ப அவ மூஞ்சிதான் டாக்டர் வந்துச்சு. பேரு வரல. நான் அவகிட்டப் பேரு கேட்டதே இல்ல. 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவேன்."

கோகிலா எங்கள் முன்னால் வந்து நின்றாள். ஜோஷிகா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள். தாண்டவமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். ஒன்பது வருடமாகத் தன் சட்டைகளைத் தேய்த்துத் தந்த முகத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார் என்று நான் நிச்சயமாகச் சொல்வேன். உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாதுங்க. எங்கப்பா யாருன்னு எங்கம்மா சொன்னதே இல்ல. வறுத்த புளியங்கொட்டைய ஒரே கடியில ஒடைப்பாருன்னு மட்டும் சொல்லும். சொல்லிட்டுச் சிரிக்கும். அன்னிக்கு நீங்க படிச்சப்பதான் தெரிஞ்சிச்சு."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"பொய்யின்னு நெனச்சுத்தானே எழுதுனீங்க," என்றாள் கோகிலா. "நெசம்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பீங்களா?"

எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. தாண்டவமூர்த்தி பையிலிருந்து பத்திரத்தின் ஒரு நகலை எடுத்துப் பிரித்தார். முத்திரையின் மை இன்னும் காயவில்லை. தன் கையெழுத்திலேயே முதல் மனைவியின் பெயர் இருந்த அந்த ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து, உள்ளுக்குள்ளேயே படித்தார். முடித்துவிட்டு மறுபடி படித்தார்.

"பல்லு ரெண்டு நாள்ல விழுந்துரும், எடுத்துக்கங்க," என்றாள் கோகிலா. "அதைச் சத்தமா படிங்க."

தாழ்வாரத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பதிவு அலுவலகத்துப் பழக்கத்தில் முதல் வரியிலிருந்தே ஆரம்பித்தார். தாண்டவமூர்த்தி ஆகிய நான், சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதிக்கொடுப்பது என்னவென்றால் என்று வந்தார். அந்த வரிக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, மருதாயி என்று படித்தார்.

கோகிலா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.